சாளரச் செய்நிரலில் எழுத்துள்ளீடு

தட்டெழுத்துப் பொறியிலே ஒரு விசையை அழுத்திய அக்கணமே எழுத்துத் தாளிற் பதிந்துவிடுகின்றது. விசைக்கும் எழுத்துக்கும் இடையே நிற்பது ஒரு நெம்புகோல் மட்டுமே. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள் தமிழுக்குத் தட்டெழுத்துப் பொறி அமைக்க முற்பட்டபோது எதிர்நோக்கிய இடர் பெரிது. 247 எழுத்துக்களையும் ஒரு சிறு விசைத்தொகுதிக்குள் அடக்க வேண்டியிருந்தது. ஆயினும், "அழுத்திய எழுத்து இப்பொழுது எங்கே இருக்கின்றது?" என்னும் வினா அப்பொறியில் எழ இடமில்லை. அது தாளில் இருந்தது. கணினியிலோ இவ்வினாவே முதன்மையானது. திரையிலே கண்ணுக்குத் தெரியும் எழுத்து, நாம் இயற்றிய செய்நிரலுக்கு இன்னும் தெரியாத எழுத்தாக இருத்தல் கூடும்.

நம் நாட்டின் உயர்தர வகுப்புத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடத்திலே பைதன் என்னும் செய்நிரல் மொழி கற்பிக்கப்படுகின்றது. அதனைக் கற்கும் மாணவர், கருந்திரையில் வினாவும் விடையுமாக ஓடும் சிறு செய்நிரல்களை எளிதில் எழுதிப் பழகுகின்றனர். அதே மாணவர் பெட்டியும் பொத்தானுங் கொண்ட ஒரு சாளரத்தை அமைக்கப் புகும்போது, பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகின்றனர். அவ்விடறல் அறியாமையால் நேர்வதன்று. முன்பு கற்றதை நன்றாகக் கற்றமையால் நேர்வது. அதன் காரணத்தை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் எழுத்துச் செல்லும் வழியை நோக்குவாம். விசைப்பலகையின் மீது அச்சிடப்பட்டிருக்கும் எழுத்து மனிதர் கண்ணுக்கென அமைந்தது. விசைக்குள்ளே எழுத்து எதுவும் இல்லை. அழுத்தப்படும்போது அது தனக்குரிய ஓர் எண்ணை அனுப்புகின்றது. அவ்வெண்ணைப் பெறும் பணிசெயல் முறைமை, அவ்வேளை தெரிவு செய்யப்பட்டிருக்கும் விசைப்பலகை அமைப்பு யாதெனப் பார்த்து, அதற்கேற்ற எழுத்தாக அதனை மாற்றுகின்றது. ஆங்கில அமைப்பாயின் ஓரெழுத்து. நம்மவர் பழகிய ரெங்கநாதன் அமைப்பாயின் வேறோரெழுத்து. அழுத்திய விசை ஒன்றே. பின்னர், திரையிலுள்ள சாளரங்களுள் எது பயனரின் கவனத்துக்கு உரியதாக நிற்கின்றதோ, அதன் பெயரிலே அவ்வெழுத்து ஒரு வரிசையில் இடப்படுகின்றது. அச்சாளரத்திலுள்ள எழுத்துப்பெட்டி வரிசையிலிருந்து அதனை எடுத்துத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, திரையிலும் வரைந்து காட்டுகின்றது. இவ்வளவும் நிகழ்ந்த பின்னரும் நாம் எழுதிய செய்நிரல் எதனையும் வாசித்திலது. எழுத்து இருப்பது பெட்டியிடத்தில்; செய்நிரலிடத்தில் அன்று.

கருந்திரைச் செய்நிரலின் இயல்பு இதற்கு மாறானது. பைதனில் 'இன்புற்' என்னும் ஓர் ஏவற்சொல் உண்டு. செய்நிரல் அவ்வரியை அடைந்ததும் வினாவைத் திரையில் இட்டு, அங்கேயே நின்றுவிடுகின்றது. பயனர் தட்டி முடித்து 'என்ரர்' விசையை அழுத்தும் வரை அடுத்த வரிக்குச் செல்வதில்லை. பயனர் தேநீர் அருந்தச் சென்று ஒரு மணி நேரம் கழித்து மீண்டாலும், செய்நிரல் அதே வரியிற் காத்து நிற்கும். ஆகவே அடுத்த வரி ஓடும்போது விடை கையில் இருக்கும் என்பது உறுதி. வாய்மொழிப் பரீட்சையை இதற்கு உவமை கூறலாம். பரீட்சகர் வினாவுகின்றார், மாணவன் விடை பகரும் வரை வாளாவிருக்கின்றார், பின்பே அடுத்த வினாவுக்குச் செல்கின்றார். வினாக்களின் ஒழுங்கும் காலமும் அவர் கையிலேயே உள்ளன.

சாளர முறை வேறொரு மரபிலே பிறந்தது. அமெரிக்காவிலே செறொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆராய்ச்சி நிலையத்தில் 1973 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட 'அல்ரோ' என்னும் கணினியில் வளர்ந்து, 1984 இல் வெளிவந்த மக்கின்ரொஷ் கணினியாற் பொதுமக்கள் கைக்கு வந்த முறை அது. சுட்டியும் விசைப்பலகையும் ஒருங்கே பயனர் கையில் இருக்கின்றன. ஐந்து பெட்டிகள் திரையில் இருப்பின், ஐந்தாவதை முதலில் நிரப்பலாம். இரண்டாவதை நிரப்பி அழிக்கலாம். ஒன்றையும் நிரப்பாமற் சாளரத்தையே மூடிவிடலாம். இவற்றுள் எது முதலில் நிகழும் என்பது செய்நிரலை இயற்றியவனுக்குத் தெரியாது. எனவே செய்நிரல் ஒரு வினாவில் நின்று காத்திருத்தல் இயலாது. எல்லாவற்றுக்கும் ஒருங்கே காத்திருத்தல் வேண்டும். இக்காத்திருப்பையே 'நிகழ்வுச் சுழல்' என்பர். அது வரிசையிலே நிகழ்வு ஏதும் வந்துளதா என்று நோக்கும். வந்திருப்பின் அதற்குரிய பகுதியை இயக்கும். மீண்டும் வரிசையை நோக்கும். சாளரம் மூடப்படும் வரை அதன் தொழில் இதுவே.

வாய்மொழிப் பரீட்சை முன்னையதற்கு உவமையாயின், விண்ணப்பப் படிவம் பின்னையதற்கு உவமையாகும். கந்தோர் மேசையிற் படிவம் வைக்கப்பட்டிருக்கின்றது. எழுதுபவர் எழுதுகின்றார், வெட்டுகின்றார், திருத்துகின்றார். எழுதுவினைஞர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து வாசிப்பதில்லை. படிவம் கையளிக்கப்படும்போதே வாசிப்பார். கையளித்தல் என்னும் இச்செயலுக்குச் சாளரத்தில் ஈடாக நிற்பது பொத்தான்.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் காண்பாம். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்திலே ஜோன் ஊஸ்ரர்ஹவுற் என்பார் 1988 அளவில் 'ரிசிஎல்' என்னும் சிறுமொழியைத் தொடங்கி, அதனோடு 'ரீகே' என்னும் சாளரக் கருவித் தொகுதியையும் அமைத்தார். அத்தொகுதியைப் பைதன் மொழியிலிருந்து கையாளுவதற்கென அமைந்த இடைமுகமே 'ரீகே-இன்ரர்' ஆகும். பைதனோடு கூடவே வருவதால் மாணவர்க்கு எளிதிற் கிட்டுவது. இரண்டு வினாத்தாள்களின் புள்ளிகளைப் பெற்று அவற்றின் மொத்தத்தைக் காட்டும் சாளரம் ஒன்று வேண்டும் என்று கொள்வோம். 'என்றி' எனப்படும் எழுத்துப்பெட்டிகள் இரண்டு, பொத்தான் ஒன்று, விடையைக் காட்ட எழுத்தொட்டி ஒன்று. பெட்டியிலுள்ளதை வாசிக்க 'கெற்' என்னும் ஏவல் உண்டு. இறுதி வரியிலே 'மெயின்லூப்' என்னும் ஏவல் நிகழ்வுச் சுழலைத் தொடக்கும்.

கருந்திரையிற் பழகிய மாணவன் இதனை எவ்வாறு எழுதுவான்? பெட்டியை ஆக்குகின்றான், அதனைச் சாளரத்திற் பொருத்துகின்றான், அடுத்த வரியிலேயே 'கெற்' என்று அதனை வாசித்து, வாசித்ததை ஒரு மாறியில் வைக்கின்றான். பின்னர் மெயின்லூப். சாளரம் அழகாகத் தோன்றுகின்றது. 45 எனத் தட்டுகின்றான். மாறியிலோ ஒன்றும் இல்லை. "சேர், பெட்டி வாசிக்குதில்லை" என்று ஒரு மாணவர் என்னிடம் வந்து முறையிட்டது நினைவிருக்கின்றது. பெட்டி மிகச் செவ்வையாகவே வாசித்தது. அது வாசித்த வேளையிலே சாளரம் திரைக்கு வந்திருக்கவில்லை. பயனரின் விரல் விசையைத் தொட்டிருக்கவும் இல்லை. வெறுமையாயிருந்த பெட்டியை வாசித்து, வெறுமையையே அது தந்தது. வாசிக்கும் வரியைப் பொத்தானுக்குரிய செயற்கூற்றினுள்ளே இடுதல் வேண்டும். சொற்கள் அவையே, அவை இயங்குங் காலம் வேறு.

காலம் பற்றிய இப்பிழை வேறு உருவங்களிலும் வந்து ஏமாற்றும். பொத்தானை ஆக்கும்போது அதற்குரிய செயற்கூற்றின் பெயரை மட்டுமே கொடுத்தல் வேண்டும். பெயரின் பின்னே பழக்கத்தால் ஒரு பிறை அடைப்பை இட்டுவிட்டால், பொத்தான் ஆக்கப்படும் அக்கணமே செயற்கூறு ஓடி முடிந்துவிடும்; பின்னர் அழுத்தும்போது ஒன்றும் நிகழாது. இரண்டு சிறு வளைவுகளாற் பிற்பகலொன்றை இழந்தோர் பலர். யானும் அவர்களுள் ஒருவன்.

இன்னுஞ் சில மாணவர், பெட்டி வெறுமையாயிருத்தலைக் கண்டு, "இது நிரம்பும் வரை சுழன்றுகொண்டிரு" என்று ஒரு மடக்குச் சுழலை எழுதுகின்றனர். கருந்திரையின் காத்திருப்பைத் தாமே மீண்டும் ஆக்க முயலும் முயற்சி இது. விளைவு முன்னையதினும் கொடிது. அச்சுழல் ஓடும் வரை நிகழ்வுச் சுழல் ஓடாது; அஃது ஓடாதாயின் வரிசையிலுள்ள எழுத்துக்கள் பெட்டியைச் சேரா; சேராதாயின் பெட்டி என்றும் வெறுமையே. சாளரம் உறைந்து நிற்கும். பூட்டிய கதவின் உட்புறத்தே திறவுகோலை வைத்துவிட்டு வெளியே காத்திருப்பவன் நிலை போன்றது அது. நீண்ட கணிப்பொன்றைப் பொத்தானின் செயற்கூற்றினுள் இடும்போதும் இவ்வுறைவே நிகழும் என்பதையும் ஈண்டுக் குறித்துக் கொள்ளலாம்.

காலத்தைச் சரிசெய்த பின்னர் அடுத்த இடர் தோன்றுகின்றது. 45, 38 என்னும் புள்ளிகளைத் தட்டிப் பொத்தானை அழுத்தினால் மொத்தம் 4538 என்று வருகின்றது. பெட்டி தருவது எண் அன்று, சரம். அஃதாவது எழுத்துக்களின் தொடர். இரு சரங்களைக் கூட்டுதல் என்பது ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுதலேயாம். எண்ணாகக் கொள்ள வேண்டுமாயின் வெளிப்படையாக மாற்றுதல் வேண்டும். மாற்ற இயலாத சரமாயின் பைதன் வழுவென்று அறிவித்து அச்செயலை நிறுத்திவிடும். '1,250' என்று காற்புள்ளியிட்டு எழுதினும் முழுவெண் மாற்றி ஏற்காது, '45.5' என்பதையும் ஏற்காது. எண்ணின் முன்னும் பின்னும் இடைவெளி இருப்பின் அதனைப் பொருட்படுத்தாது. தமிழ் இலக்கங்களை அது ஏற்கும் என்பது பலர் அறியாத செய்தி. ௪௫ எனத் தட்டினும் 45 என்றே கொள்ளும். ஆயின் பத்தைக் குறிக்கும் ௰, நூறைக் குறிக்கும் ௱ என்பவற்றை ஏற்பதில்லை. அவை இடமதிப்பு முறையில் நிற்கும் இலக்கங்கள் அல்ல ஆதலின். நம் முன்னோர் எண்ணெழுதிய முறைக்கும் இன்றைய முறைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு செய்நிரல் மொழி இவ்வளவு நுட்பமாகப் பேணுதல் வியப்புக்குரியது.

எல்லாச் சரத்தையும் எண்ணாக்குதல் நன்றென்று எண்ணுதலும் தவறு. மாணவனின் சேர்விலக்கம் 0457 ஆயின், முழுவெண்ணாக மாற்றியதும் 457 ஆகிவிடும். தொலைபேசி இலக்கத்தின் முன்னிற்கும் பூச்சியமும் அவ்வாறே மறையும். கூட்டவோ பெருக்கவோ வேண்டாதது இலக்கங்களால் எழுதப்பட்டிருப்பினும் அது பெயரே, எண்ணன்று.

வெற்றுப் பெட்டியைப் பற்றித் தனியே கூறுதல் தகும். வழு அறிவிப்புக்கு அஞ்சும் மாணவர், "மாற்ற இயலாதாயின் 0 எனக் கொள்க" என்று ஒரு வரியை எழுதிவிடுகின்றனர். செய்நிரல் அதன்பின் ஒருபோதும் நிற்பதில்லை; ஆசிரியரும் மகிழ்கின்றார். இனி இதன் பயனைக் கணக்கிட்டு நோக்குக. ஒரு பிள்ளை எட்டுப் பாடங்களில் ஒவ்வொன்றிலும் 72 புள்ளி பெறுகின்றது. ஒன்பதாம் பாடத்தன்று சுகவீனத்தாற் பரீட்சைக்குத் தோற்றவில்லை. அப்பெட்டி வெறுமையாக விடப்படுகின்றது. சராசரி 72 ஆதல் வேண்டும். செய்நிரலோ 64 என்று அச்சிடுகின்றது. இத்தகைய தேர்ச்சியறிக்கை ஒன்றை யான் நேரிற் கண்டுள்ளேன். அப்பிள்ளையின் தாயார் அதனைக் கையில் வைத்துக்கொண்டு, "படிக்காமல் விட்டிட்டான் போலை" என்றார். வராமை வேறு, பூச்சியம் வேறு என்பதை அச்செய்நிரல் அறியவில்லை. அதனை இயற்றியவரும் எண்ணிப் பார்த்திலர். வெறுமையை வெறுமையென்றே வாசித்து, "இப்பெட்டி நிரப்பப்படவில்லை, தோற்றவில்லையா?" என்று பயனரை வினாவுவதற்கு மேலும் நான்கு வரிகளே வேண்டும்.

தமிழிற் பெயரைப் பெறும் பெட்டியாயின் மற்றுமொன்று கருதத்தக்கது. உயிர்மெய்யை ஓரெழுத்தாக எண்ணுவது தமிழிலக்கண மரபு. யுனிகோட் முறையிலோ அகரமேறிய மெய்க்கு ஒரு குறியீடும், ஏனை உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் வேறு குறியீடுகளும் உள்ளன. எனவே 'கோபால்' என்பதன் நீளம் யாதென வினவினால் நாம் 3 என்போம்; பைதன் 6 என்னும். 'சிவஞானம்' நமக்கு 5 எழுத்து, பைதனுக்கு 8. பெயருக்கு இத்தனை இடம் என்று வரையறுத்து மிஞ்சியதை வெட்டும் செய்நிரல், 7 என்னும் வரையறையில் அப்பெயரை வெட்டினால் ஈற்றுப் புள்ளி பறிபோய்ச் 'சிவஞானம' என்று நிற்கும். ஆங்கிலப் பெயர்களைக் கொண்டு மட்டும் சோதித்தவனுக்கு இக்குறை ஒருபோதும் தெரியவராது.

அதனினும் நுண்ணியது இது. 'கோ' என்பதைக் குறியீட்டால் இருவகையாக எழுதலாம். ககரத்தின்பின் ஓகாரக்குறி முழுவதையும் ஒரே குறியீடாக இடுதல் ஒன்று. ஏகாரக்குறியையும் காலையும் தனித்தனியே இடுதல் மற்றொன்று. திரையில் இரண்டும் ஒரே வடிவமாகத் தோன்றும். ஆனால் இரண்டும் சமமா என்று பைதனை வினவினால் அல்ல என்னும். பதிவேட்டில் முதல்வகையால் எழுதப்பட்ட கோபாலை இரண்டாம் வகையால் தட்டித் தேடினால், "அப்பெயருடையார் எவரும் இலர்" என்று விடை வரும். இதனை நீக்குதற்கென யுனிகோட் முறையிலேயே ஒருமைப்படுத்தும் விதிகள் உள்ளன. பைதனில் அவற்றைச் செய்யும் கூறும் உண்டு. பெட்டியிலிருந்து பெற்றவுடன் அவ்வாறு ஒருமைப்படுத்திக் கொள்ளல் நன்று. ஆயின் ஔகாரக்குறியின் ஈற்றுறுப்புக்குப் பதிலாக ளகரத்தையே தட்டிவிடுவோர் உளர். அதனை எவ்விதியும் திருத்தாது. அது வேறெழுத்தே ஆதலின்.

இனி, உள்ளீடு முடிந்தது என்று எப்போது கொள்வது? பொத்தானை அழுத்தும்போது வாசிப்பது ஒரு முறை. ஒவ்வொரு விசைக்கும் வாசிப்பது இன்னொரு முறை. தேடுபெட்டிகளுக்கு அது பொருந்தும். ஆனால் இலக்கமல்லாத எதனையும் அவ்வப்போதே தடுக்கும் பெட்டி, -5 என்று எழுதப் புகுபவனை முதலெழுத்திலேயே மறித்துவிடும். கழித்தற்குறி தனித்து நிற்கும்போது அஃது எண்ணன்று அல்லவா? பாதி எழுதியதை வைத்துத் தீர்ப்பளித்தல் ஆகாது.

இவ்வினா அற்பமானதன்று என்பதற்கு வரலாற்றிற் சான்று உண்டு. தெறாக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு அளிக்கும் கணினிவழிப் பொறி. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் அதனால் ஆறு விபத்துக்கள் நிகழ்ந்தன. அதன் திரை எழுத்துத்திரை; சாளரத்திரையன்று. ஆயினும் அதுவும் இயக்குநர் முன்னும் பின்னுஞ் சென்று நிரப்பத்தக்க ஒரு படிவமே. ரெக்சாஸ் மாநிலத்து ரைலர் நகரில் 1986 மார்ச்சில், இயக்குநர் இலத்திரன் கற்றைக்குரிய எழுத்துக்குப் பதிலாக எக்ஸ்கதிருக்குரிய எழுத்தைப் பழக்கத்தாற் தட்டிவிட்டார். உடனே தவறுணர்ந்து மேலே சென்று திருத்தி, விரைந்து கீழிறங்கினார். சுட்டுக்குறி கடைசி வரியை அடைந்ததும் உள்ளீடு முடிந்தது என்று செய்நிரல் முன்னரே கொண்டுவிட்டது. காந்தங்களை நிலைப்படுத்த அதற்கு ஏறக்குறைய 8 விநாடி வேண்டியிருந்தது. அந்த 8 விநாடிக்குள் நிகழ்ந்த திருத்தத்தை அது கண்டிலது. திரையிலே திருத்திய எழுத்து. பொறியின் ஒரு பகுதி திருத்தியதன்படியும், மற்றொரு பகுதி திருத்தாததன்படியும் அமைந்தது. நோயாளர் மிகையான கதிர்வீச்சுக்கு உள்ளானார். ஏப்ரலில் அதே நகரில் அதே தவறு மீண்டும் நேர்ந்தது. அவ்விருவரும் அவ்வாண்டே இறந்தனர். மருத்துவமனைப் பௌதிகவியலாளரும் இயக்குநரும் மீண்டும் மீண்டும் தட்டிப் பார்த்தே காரணத்தைக் கண்டனர். விரைவாகத் தட்டினாற் மட்டுமே பிழை தோன்றியது. தொழிலிற் கைதேர்ந்தமையே அங்கு இடராய் முடிந்தது.

நம் புள்ளிச் சாளரத்தில் எவர் உயிரும் இல்லை. எனினும் அங்கும் முறை இதுவே: பொத்தான் அழுத்தப்பட்ட கணத்தில் எல்லாப் பெட்டிகளையும் ஒருங்கே ஒருமுறை வாசித்துக்கொள்க, பின்னர் அவ்வாசிப்பையே எங்கும் பயன்படுத்துக, வாசித்தது யாதென்பதை விடையோடு சேர்த்துப் பயனருக்குக் காட்டுக. பிழை இருப்பின் அவர் எழுதியதை அழித்துவிடற்க. பூச்சியத்துக்குப் பதிலாக ஆங்கில 'ஓ' எழுத்தைத் தட்டியவர், தாம் தட்டியது கண்முன்னே நின்றாலன்றித் தம் தவறை எவ்வாறு காண்பார்? பிழையுள்ள பெட்டிக்கே சுட்டுக்குறியைக் கொண்டுசென்று நிறுத்தி, அருகே ஒரு வரியிற் காரணத்தை எழுதி, மீண்டும் நிகழ்வுச் சுழலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடின், செய்நிரல் தன் காத்திருப்புக்குத் திரும்பிவிடும்.